சிவப்புக் கோட்டளவு தண்ணீர்

1

வருடத்துக்கு ஒருமுறை என் மனைவி வாசுகி அரசாங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதுகிறாள். தன் கணவர் இந்தியப் பிரஜை என்றும், அவர் இன்னும் ஒரு வருடம் தன்னுடன் கொழும்பில் வசிக்க அனுமதி தர வேண்டும் என்றும் அதில் கேட்டுக்கொள்வாள். ஆங்கிலத்தில், ஒரே பக்கத்தில். இதுவரை இருபத்திமூன்று கடிதங்கள். நகல்கள் எல்லாம் ஒரு நீலக் கோப்பில் தேதி வரிசையில் இருக்கின்றன. வாசகம் மாறுவதில்லை. முகவரி இரண்டு முறை மாறியது. ஒருமுறை கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு. பிறகு வெள்ளவத்தைக்குள்ளேயே, கடல் பக்கத்து ஒழுங்கை ஒன்றுக்கு.

என் ஊரான தூத்துக்குடியில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். "பொண்டாட்டி லெட்டர் குடுத்தாத்தான் ஒன்னைய வச்சுக்கிடுவாங்களாலே?" என்று என் அக்கா ஒருமுறை கேட்டாள். ஆமாம், அப்படித்தான். வருடா வருடம் இவர் எனக்கு வேண்டும் என்று எழுத்தில் சொல்லும் மனைவி எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று கேட்டேன். அத்தான் போனை வாங்கி, "அவ பேச்ச விடு மாப்ள" என்றார்.

இந்த வருடம் அந்தக் கடிதத்தைக் கொடுக்கப் போன நாளில் எனக்கு ஒன்று தெரியவந்தது. அதைச் சொல்வதற்கு முதலில் மீன்தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2

எங்களுக்கு ஒரே மகள், ஆரணி. அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது இரண்டடி நீளத்தில் ஒரு உப்புத்தண்ணீர்த் தொட்டியும், ஒரு சோடி கோமாளி மீனும் வாங்கிக் கொடுத்தேன். செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டி போட்ட மீன்கள். சோடியில் பெரியது பெண், சிறியது ஆண். ஆரணி பெரியதற்குப் 'பெரியவள்' என்றும் சிறியதற்குக் 'குட்டன்' என்றும் பெயர் வைத்தாள். அவற்றுக்குப் படுக்கையாக ஒரு கடல் சாமந்தி. பூவைப் போல விரிந்து அசையும் அது பூவல்ல, ஒரு உயிர். அதன் விரல்களுக்கு நடுவில்தான் இரண்டும் படுத்துறங்கும்.

பத்து வருடங்களாக அந்த மீன்கள் எங்களோடு இருக்கின்றன. அவற்றைப் பராமரிக்கும் சாக்கில் நானும் மகளும் சனிக்கிழமை காலைகளில் இரண்டு மணி நேரம் ஒன்றாக இருந்தோம். அவள் குழாயைப் பிடிப்பாள், நான் வாளியைப் பிடிப்பேன். பதினைந்து வயதில் அவளுக்குச் சனிக்கிழமை டியூஷன் வந்தது. பதினேழில் என்னோடு பேசுவது பெரும்பாலும் "ஓம்", "இல்ல", "பிறகு" என்ற மூன்று சொற்களில் முடிந்துவிடும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த வயதில் நான் என் அப்பாவிடம் பேசியது அதையும்விடக் குறைவு.

இந்த வருடத் தொடக்கத்தில் அவள் படிப்பதற்காக மெல்பேர்ன் போனாள். பெட்டி கட்டிக்கொண்டிருந்த அன்று, மடித்த சட்டைகளுக்கு நடுவிலிருந்து தலையைத் தூக்கிச் சொன்னாள்:

"அப்பா, அதுகளுக்கு இந்தத் தொட்டி காணாது. பெரிசா ஒண்டு செய்யுங்கோ. டிசம்பர் நான் வரேக்க ரெண்டும் இருக்கவேணும். சரியா?"

"சரி" என்றேன். அவள் என்னிடம் எதையும் கேட்டு நீண்ட காலம் ஆகியிருந்தது.

அவள் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். அம்மாவோடு அரை மணி நேரம் கதைப்பாள். பிறகு, "அப்பா, மீனைக் காட்டுங்கோ" என்பாள். நான் போனைத் தொட்டியின் முன் பிடித்துக்கொண்டு நிற்பேன். எனக்குக் கிடைத்த பங்கு அதுதான். அந்த மீன்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதுவும் இருக்காது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

3

ஐந்தடி நீளத் தொட்டி. மேலே மீன்கள் இருக்கும் பெரிய கண்ணாடி. அடியில் அலமாரிக்குள் ஒரு சிறிய தொட்டி. மேலிருந்து வழியும் தண்ணீர் கீழே வடிகட்டப்பட்டுத் திரும்ப மேலே போகும். எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட ஐந்நூறு லிட்டர்.

மூன்றாம் மாடியில் அவ்வளவு பாரத்தை வைப்பதற்குக் குடியிருப்போர் குழுவின் அனுமதி வேண்டும். அவர்கள் பொறியியலாளரின் கடிதம் கேட்டார்கள். பொறியியலாளர் கட்டட வரைபடம் கேட்டார். வரைபடம் கட்டியவரிடம் இருந்தது. கட்டியவர் கனடாவில் இருந்தார். ஏழு வாரங்கள். இந்த நாட்டில் வசிக்க எனக்கு அனுமதி கிடைப்பது இதைவிடச் சுலபம்.

கீழ் வீட்டு நஸீர் நானா மட்டும் எந்தக் கடிதமும் கேட்கவில்லை. லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் மேலே கையைக் காட்டி, "மாஸ்டர், ஒங்கட கடல் எங்கட தலைல உழுந்துடாதே? எனக்கு நீந்தத் தெரியா" என்பார். நான் மாஸ்டர் இல்லை. வத்தளையில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு அறையைப் பார்த்துக்கொள்கிறேன். கையில் எப்போதும் ஒரு குறிப்பேடு இருப்பதால் அவர் என்னை மாஸ்டர் ஆக்கிவிட்டார்.

தொட்டியைக் கொட்டாஞ்சேனையில் றோய் செய்து கொடுத்தார். அவருடைய கடைக்கு வீட்டில் மீன் வளர்ப்பவர்கள் எல்லோரும் போவார்கள். கடலிலிருந்து பவளப்பாறையைப் பெயர்த்து வீட்டில் வைப்பது இங்கே சட்டப்படி தவறு. சுட்ட மண்ணில் செய்த பாறைகளையும், வளர்ப்பில் பெருக்கிய மென்பவளத் துண்டுகள் நான்கையும் அவர் அனுமதித் தாளோடு கொடுத்தார். தாளை நீலக் கோப்புக்கு அடுத்த பச்சைக் கோப்பில் வைத்திருக்கிறேன். நம் ஊரில் என் பெரியப்பா வீட்டுச் சுவர் முழுக்கப் பவளக்கல். சாந்து உதிர்ந்த இடங்களில் அந்தக் கல்லின் கண்கள் தெரியும். சிறுவயதில் அவற்றுக்குள் ஈர்க்குச்சியை விட்டு விளையாடியிருக்கிறோம். ஒரு சுவரளவு பவளத்தில் சாய்ந்து வளர்ந்தவன், கட்டைவிரல் அளவு பவளத்துக்குத் தாள் வைத்திருக்கிறேன்.

கடலுப்பும் றோயிடம்தான் வாளியில் வாங்குவேன். வடிகட்டிய நல்ல தண்ணீரில் அதைக் கரைத்தால் கடல் தண்ணீர் வரும்.

"சேர், வீட்டுக்குப் பின்னால ரயில் ரோட்டு, அதுக்குப் பின்னால கடல். அங்க இருந்துகிட்டுக் கொட்டாஞ்சேனைக்கு வந்து கடல வாங்கிட்டுப் போற ஒரே ஆள் நீங்கதான்" என்றார் றோய்.

"அங்கே கழிவுக் கால்வாய் வந்து விழுகிறதே, றோய்."

"தெரியும் சேர். சும்மா சொன்னேன். தூத்துக்குடி ஆளுக்கு உப்பு விக்கிறேன்னு வீட்டுல சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க."

தூத்துக்குடி ஆள் என்று அவர் சொன்னதில் பொருள் உண்டு. என் அப்பா உப்பளத்தில் மேற்பார்வையாளர். ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு எப்போது தண்ணீரைத் திறந்துவிடுவது என்று சொல்வது அவர் வேலை. கண்ணாடிக் குழல் ஒன்றைத் தண்ணீரில் மிதக்கவிட்டு 'டிகிரி' பார்ப்பார். வெயில் தண்ணீரை எடுத்துக்கொள்ளும், உப்பை விட்டுவிடும். எனக்கு எழுத்து தெரிவதற்கு முன்பே தெரிந்த செய்தி இது. இதைப் பின்னால் நினைத்துப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

புதுத் தொட்டியில் உடனே மீனை விடக்கூடாது. தண்ணீர் பழக வேண்டும். ஆறு வாரங்கள் வெறும் தண்ணீரை ஓடவிட்டுத் தினமும் அளந்தேன். வாசுகி சாப்பாட்டு மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

"என்னப்பா, ஒரு சோடிக்கு இவ்வளவு பெரிய வீடே? அதுவும் ஆக்கள் இல்லாமல் ஒண்டரை மாசமாப் பூட்டிக் கிடக்கு. வாடைக்கு விட்டிருக்கலாம்."

அவளுக்குத் தொட்டி பிடிக்கவில்லை என்று நான் முடிவு செய்துகொண்டேன். அதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை. மற்ற எல்லாவற்றையும் எழுதினேன்.

4

தொட்டியை இப்படித்தான் பார்த்துக்கொண்டேன். இதை வரிசையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிழை இதற்குள்தான் இருந்தது.

கீழ்த்தொட்டியின் கண்ணாடியில் ஒரு சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறேன். தண்ணீர் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். விளக்கின் சூட்டிலும் காற்றிலும் ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் ஆவியாகும். போவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே இருக்கும். அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரை ஊற்ற வேண்டும். அதற்குப் பால்கனியில் வெள்ளைக் கேன்கள் வைத்திருந்தேன். சனிக்கிழமை மட்டும், அழுக்குத் தண்ணீரில் ஒரு பகுதியை வெளியே எடுத்துவிட்டுப் புது உப்புத்தண்ணீரை ஊற்றுவேன். அது கேன்களுக்குப் பக்கத்தில் நீலப் பீப்பாயில் இருக்கும்.

காலை ஆறே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் மாலை ஆறரைக்குத் திரும்புவேன். வந்ததும் கோட்டைப் பார்த்து, வெள்ளைக் கேனிலிருந்து ஊற்றி, எழுதிவிட்டுத்தான் தேநீர். அலமாரிக் கதவில் ஒரு தாளும் ஒட்டியிருந்தேன்: 'கை கழுவாமல் தொட வேண்டாம்.'

மீன்களைப் பெரிய தொட்டிக்கு மாற்றிய அன்று நான்கு மணி நேரம் எடுத்தது. கடல் சாமந்தியைக் கல்லோடு தூக்கி வைத்தேன். பெரியவள் ஒரு மூலையில் நின்று பார்த்தாள். பிறகு ஐந்தடியையும் ஒருமுறை நீந்திப் போய்த் திரும்பி வந்தாள். குட்டன் பின்னாலேயே போனான். பத்து வருடங்களாக இரண்டடிக்கு மேல் போகாதவை. மெல்பேர்னில் ஆரணி போனுக்குள் கைதட்டினாள். வாசுகி குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டு அடுப்புக்குத் திரும்பினாள்.

5

அதன்பின் இரண்டாவது வாரத்தில் உப்பு ஏறியது.

ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் சிறு கருவி உண்டு. அதில் உப்பின் அளவு 1.025 இருக்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை 1.027-ஐத் தொட்டது. கருவியைத் துடைத்து மறுபடி பார்த்தேன். அதேதான். சிறிது உப்புத்தண்ணீரை எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றிச் சரிசெய்தேன். அடுத்த சனிக்கிழமை மறுபடி ஏறியது. அதற்கடுத்த வாரம் 1.028-ஐயும் தாண்டியது.

அந்த நாட்களின் குறிப்புகளை இப்போது புரட்டிப் பார்க்கிறேன். என் கையெழுத்தில், கோடு தவறாமல் இப்படி இருக்கின்றன:

'மாலையில் கோடு குறையவில்லை. மழைக்காலம். காற்றில் ஈரம் அதிகம். ஆவியாதல் இல்லை.'

'வெள்ளைக் கேன் வழக்கத்தைவிட நீண்ட நாள் வருகிறது. காரணம் மேலே கண்டது.'

'நீலப் பீப்பாயில் சிறிது குறைவு. மூடி தளர்வாக இருக்கலாம். இறுக்கினேன்.'

மூன்று குறிப்புகளும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு காரணம் கண்டுபிடித்து, தேதி போட்டு, திருப்தியாக மூடி வைத்திருக்கிறேன்.

கடல் சாமந்தி சுருங்கத் தொடங்கியது. விரிந்தால் சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்தது, ஒரு தேநீர்க் கோப்பை அளவுக்கு வந்தது. பெரியவள் தீனிக்கு மேலே வருவதை நிறுத்தினாள். மூலையில், பம்பின் நிழலில், ஓரமாக நின்றாள். பின்னால் கரையோர ரயில் போகும்போது தண்ணீரின் மேற்பரப்பு நடுங்கும். முன்பெல்லாம் அதற்கு அவள் திரும்புவாள். இப்போது திரும்பவில்லை.

உப்பில் கலப்படம் என்று முடிவு செய்து, ஒரு போத்தலில் தொட்டித் தண்ணீரையும் ஒரு பொட்டலத்தில் உப்பையும் எடுத்துக்கொண்டு வேலை முடிந்து கொட்டாஞ்சேனைக்குப் போனேன். குரலை உயர்த்துவதற்கும் தயாராகத்தான் போனேன்.

றோய் என் கண் முன்னாலேயே உப்பைக் கரைத்து அளந்து காட்டினார். சரியாக இருந்தது. போத்தலை அளந்தார். என் கணக்குப்படியே கூடுதலாக இருந்தது.

"உப்புல ஒண்ணுமில்ல சேர். தண்ணி குறைஞ்சா டாப்-அப் என்ன ஊத்துறீங்க?"

"நல்ல தண்ணீர்தான். இருபது வருடமாக லேபில் இருக்கிறேன், றோய்."

"கோவிக்காதீங்க. வீட்டுல வேற யாராச்சும் கை வெக்கிறாங்களா? மிஸ்ஸிஸ்?"

"இல்லை. எங்கள் வீட்டில் யாரும் அதைத் தொடுவதில்லை."

"அப்ப மீனே உப்புப் போட்டுக்கிதோ என்னமோ" என்று றோய் போத்தலைக் கழுவிக் கொடுத்தார்.

6

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆரணி கூப்பிட்டபோது அம்மாவிடம் கதைத்துவிட்டு வழக்கம்போல, "அப்பா, மீனைக் காட்டுங்கோ" என்றாள்.

"இன்னைக்கு லைட் பழுதும்மா. இருட்டா இருக்கு. ஒன்றும் தெரியாது."

"ரெண்டும் ஓகேயா?"

"ரெண்டும் நல்லா இருக்கு."

ஒரு நொடி பேசாமல் இருந்தாள். "சரி அப்பா" என்றாள். வாசுகி என்னைப் பார்த்தாள். விளக்கு என் முதுகுக்குப் பின்னால் நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது.

கொழும்புக்கு வந்த முதல் வருடம் கொட்டாஞ்சேனையில் ஒரு கடைக்கு மேலே, ஜன்னல் இல்லாத அறையில் மூன்று பேரோடு இருந்தேன். வீட்டுக்குப் போன் செய்யும்போது, அறை வசதியாக இருக்கிறது, கடற்காற்று வருகிறது என்றேன். போட்டோ அனுப்பு என்று அப்பா கேட்டார். கேமரா பழுது என்றேன். மறுமுறையும் அதையே சொன்னேன். அப்பாவும் இதேபோல ஒரு நொடி பேசாமல் இருந்துவிட்டு "சரிய்யா" என்றார். அதன்பின் கேட்கவே இல்லை. அவர் நம்பிவிட்டார் என்று பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் இறந்து மூன்றாம் நாள்தான், சரக்குத் தோணியில் கொழும்புக்கு வந்துபோகும் ஒரு மாமா சொன்னார்: நான் வந்த இரண்டாம் மாதமே அப்பா அவரை அனுப்பி அந்த அறையைப் பார்த்துவரச் சொல்லியிருக்கிறார்.

7

இனி விசா நாள்.

அலுவலகத்துக்குக் கணவன் மனைவி இருவரும் நேரில் போக வேண்டும். நான் அன்று விடுப்பு எடுத்திருந்தேன். பல வருடங்களாக எங்களைப் பார்த்துப் பழகிய பெண் அலுவலர் ஒருவர் அங்கே இருக்கிறார். ஆரணியைக் கைக்குழந்தையாகவும், பள்ளிச் சீருடையிலும் பார்த்தவர். இந்தமுறை எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "துவ கோ?" என்றார். மகள் எங்கே என்று கேட்கிறார்.

"ஒஸ்ட்ரேலியாவே" என்றேன். என் சிங்களம் இன்னும் அவ்வளவுதான்.

"எஹெனம் மஹத்தயா மெஹே, துவ எஹே" என்று சிரித்தபடி முத்திரை குத்தினார். அப்படியென்றால் ஐயா இங்கே, மகள் அங்கே. சாதாரணமாகச் சொன்னது. வெளியே வந்து முச்சக்கரவண்டி பிடித்தோம்.

பத்தரைக்குச் சற்று முன்பு வீட்டுக்குள் நுழைந்தோம். வாசுகி செருப்பைக் கழற்றியதும் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். கைப்பையைக் கதிரையில் போட்டாள். சேலையைக்கூட மாற்றாமல் குசினிக்குப் போய்க் கை கழுவினாள். அவள் 'யக்' என்று சொல்லும் பிளாஸ்டிக் ஜக்கை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். நீலப் பீப்பாயின் மூடியைத் திறந்தாள். நான் இறுக்கி வைத்திருந்ததால் கொஞ்சம் சிரமப்பட்டாள். யக்கை நிரப்பிக்கொண்டு வந்து, அலமாரிக் கதவைத் திறந்து, சிவப்புக் கோட்டைக் குனிந்து பார்த்து, சிந்தாமல் ஊற்றினாள். நான் வீட்டில் இருப்பதை அவள் மறந்தே போயிருந்தாள்.

"என்ன ஊத்துற நீ?"

கத்திவிட்டேன் போலிருக்கிறது. அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். யக் கையிலேயே இருந்தது.

இந்த 'நீ'யைப் பற்றி ஒரு சொல். நம் ஊரில் மனைவியை 'நீ' என்பது இயல்பு. வாசுகியின் ஆட்கள் யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே தீவுப் பக்கம். அங்கே கணவன் மனைவியை 'நீர்' என்பான். கல்யாணமான புதிதில் நான் 'நீ' என்றபோதெல்லாம் அவள் முகம் சுருங்கும். ஒரு வருடத்தில் மாற்றிக்கொண்டேன். தூத்துக்குடிக்குப் போயிருந்தபோது "நீர் சாப்பிட்டீரா?" என்று அவளைக் கேட்டதும், "என்னலே, மேடையில வர்ற ராசா மாதிரிப் பேசுத" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அதன்பின் இருபது வருடங்களாக 'நீர்'தான்.

"என்னப்பா, இவ்வளவு காலத்துக்குப் பிறகு 'நீ' எண்டு சொல்லிப்போட்டியள்" என்றாள் வாசுகி.

"அது இல்லை... நீர் அந்தப் பீப்பாயில் இருந்தா ஊத்துறீர்? தினமுமா?"

"ஓம். நீங்கள் வேலைக்குப் போற நாளில. கோட்டுக்குக் குறைஞ்சால் ஊத்தச் சொல்லிப் பிள்ளைதான் சொன்னவள். அப்பா களைச்சு வந்து குனிஞ்சு எழும்பிறார், நீங்கள் செய்யுங்கோ எண்டு. கை கழுவிப்போட்டுத்தான் தொட்டனான்." கதவில் இருந்த தாளைக் காட்டினாள்.

"அது உப்புத்தண்ணீர்."

"கடல் மீனுக்கு வேற என்ன தண்ணி ஊத்திறது? அதுக்கு நல்ல தண்ணியே?"

அப்போதுதான் விளங்கியது. அவள் பிறந்த தீவில் கிணறுகள் உவர். நல்ல தண்ணீருக்கு ஒரு மைல் நடந்து, வரிசையில் நின்று, குடத்தில் கொண்டுவருவார்கள். குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான் அது. முகம் கழுவுவதுகூட உவர்த்தண்ணீரில்தான். இன்றைக்கும் வாசுகி அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டுவதில்லை. கறிவேப்பிலைச் சாடிக்குப் போகும். வெள்ளைக் கேனில் இருப்பது நல்ல தண்ணீர் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அதைத் தொடவில்லை. கடல் மீனுக்கு அதை ஊற்றுவது அவளுக்கு வீண்செலவு மட்டுமல்ல, ஏறக்குறைய பாவம்.

"போனது வெறும் தண்ணீர்தான், வாசுகி. உப்பு போகாது. அது உள்ளேயே இருக்கும். நீர் ஒவ்வொரு நாளும் உப்பையும் சேர்த்து..."

அவள் தொட்டியைப் பார்த்தாள். கோப்பை அளவாகச் சுருங்கிக் கிடந்த சாமந்தியையும், பம்பின் நிழலில் நின்ற பெரியவளையும். யக்கை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"நான்தான் செய்துபோட்டனா?"

பதில் சொல்வதற்குள் அவள் கைப்பையில் போன் அடித்தது. சரியாகப் பத்தரை. அவள் எடுக்காததைக் கண்டு நான் எடுத்தேன். திரையில் ஆரணி. பின்னால் ட்ராம் நிறுத்தம்.

"அம்மா, ஊத்திட்டீங்களா? பெரியவள் இண்டைக்குச் சாப்பிட்டவளா?" என்று தொடங்கியவள் என் முகத்தைக் கண்டு நிறுத்தினாள். "அப்பா? நீங்க வேலைக்குப் போகேல்லையா?"

அங்கே பிற்பகல் மூன்று மணி. வகுப்பு முடிந்து ட்ராமுக்குக் காத்திருக்கும் நேரம். வாரத்தில் ஐந்து நாளும் அந்த நேரத்தில் அவள் கூப்பிடுகிறாள். அம்மா ஊற்றுவாள், அவள் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை எனக்காக.

8

ஆரணியிடம் முதலில் சொன்னது இதைத்தான்: "ஞாயிற்றுக்கிழமை லைட் பழுதில்லை."

"தெரியும் அப்பா. அம்மா வெள்ளிக்கிழமை காட்டினவ. பெரியவள் மூலையில நிண்டவள்."

"பிறகு ஏன் கேட்கவில்லை?"

"நீங்க சொல்லுவீங்கதானே எண்டு பாத்துக்கொண்டு இருந்தன்."

உப்பு ஏறிய காரணத்தைச் சொன்னேன். அவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயோ, நான் எந்தத் தண்ணி எண்டு சொல்லேல்லையே! அது எல்லாருக்கும் தெரியும்தானே எண்டு... அம்மா! அம்மா எங்க? அழுறாவா?"

"நான் ஒண்டும் அழேல்ல" என்று வாசுகி பின்னால் நின்று மூக்கை உறிஞ்சினாள். "ஒரு மீனுக்கு ஆரும் அழுவினமே?"

ஏறிய உப்பை ஒரே நாளில் இறக்கினால் மீன் தாங்காது. எட்டு நாட்களாகப் பிரித்துக்கொண்டேன். தினமும் கொஞ்சம் உப்புத்தண்ணீரை எடுத்து, அதே அளவு நல்ல தண்ணீர். காலைப் பங்கை வாசுகி செய்தாள். முதல் நாள் வெள்ளைக் கேனைத் தூக்கும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். கையில் இருப்பதை யாருக்கோ தாரைவார்ப்பது போல இருந்தது. றோய்க்குப் போன் செய்து, சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"நான் அப்பவே கேட்டேனே சேர்" என்றார். பிறகு, "மிஸ்ஸிஸ ஏசாதீங்க. தொடாத ஆளவிடத் தொடுற ஆள் நல்லம்" என்றார்.

ஐந்தாம் நாள் சாமந்தி ஒரு பக்கம் விரிந்தது. ஏழாம் நாள் பெரியவள் பம்பை விட்டு வெளியே வந்தாள். டிசம்பருக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. மீன்களைப் பற்றி நிச்சயமாக எதுவும் சொல்ல முடியாது. ஆனால் இப்போதெல்லாம் பத்தரை மணிக்குத் தொழிற்சாலையில் நான் தேநீருக்கு வெளியே வருகிறேன். போன் அடிக்கும். திரையின் ஒரு கட்டத்தில் ட்ராம் நிறுத்தம், ஒரு கட்டத்தில் தொட்டி, மூன்றாவதில் என் முகம். பெரும்பாலும் அவர்கள் இருவரும்தான் கதைக்கிறார்கள். நான் தேநீரைக் குடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

அலமாரிக் கதவில் இருந்த தாளைக் கழற்றிவிட்டேன். அந்த இடத்தில் குறிப்பேட்டை ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், பேனாவோடு. எட்டாம் நாள் மாலை வேலையிலிருந்து வந்து திறந்து பார்த்தேன். தேதி, நேரம், அளவு என்று நான் போட்டிருந்த கட்டங்களைக் கவனிக்காமல், பக்கத்துக்குக் குறுக்கே, வருடா வருடம் அரசாங்கத்துக்கு என்னைக் கேட்டு எழுதும் அதே சாய்ந்த கையெழுத்தில், இந்தமுறை தமிழில் எழுதியிருந்தது:

'பத்தரை. நல்ல தண்ணி, ரெண்டு யக். பெரியவள் சாப்பிட்டவள். பிள்ளை பார்த்தவள்.'